முளையிலேயே கண்டவர்: லண்டனில் ஒரு தம்பிமுத்து

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்று எமது மூத்தோர் சொல்லி வைத்தார்கள். ஆனால் முளை தானாகத் தெரிவதில்லை. குனிந்து பார்க்க ஒருவர் வேண்டும். களை எது, பயிர் எது என்று பிரித்தறியும் கண் அவருக்கு இருக்கவேண்டும். தண்ணீர் விடும் பொறுமையும் வேண்டும்.

லண்டனில் எம்மவர்கள் கடை வைத்தார்கள், எரிபொருள் நிலையம் நடத்தினார்கள், கணக்காளர் அலுவலகங்களைத் திறந்தார்கள், உணவகங்களையும் மென்பொருள் நிறுவனங்களையும் கட்டியெழுப்பினார்கள். கையில் ஒன்றுமில்லாமல் வந்து இறங்கியவர்கள் இன்று பிறருக்கு வேலை கொடுக்கிறார்கள். இப்போது அவர்கள் முன் நிற்கும் கேள்வி வேறு. அடுத்து வருபவரை எப்படி வளர்ப்பது? திறமையுள்ள இளையவரை எப்படி அடையாளம் காண்பது? கண்டபின் அவரை எப்படித் தக்க வைப்பது, அல்லது எப்படி நல்லபடியாக வழியனுப்பி வைப்பது?

வணிகத் துறையினர் இதற்காகப் பயிற்சி வகுப்புகளுக்குப் போகிறார்கள், ஆலோசகர்களுக்குப் பணம் கொடுக்கிறார்கள். கலைத்துறையோ இந்தக் கேள்வியுடனேயே காலம் காலமாக வாழ்ந்து வருகிறது. ஒரு நாடகக் குழுவோ, இதழோ, நடனப் பள்ளியோ புதிய திறமையைக் கண்டெடுக்காமல் பத்து ஆண்டுகள் தாக்குப்பிடிக்காது. அந்தக் கலையில் கைதேர்ந்த ஒருவர், இரண்டாம் உலகப் போர்க் காலத்து லண்டனில், குண்டு விழுந்த தெருக்களுக்கு நடுவே வாழ்ந்தார். ஆங்கிலக் கவிதையின் ஒரு தலைமுறையே அவர் கைகளின் ஊடாக வெளியே வந்தது. அவர் யாழ்ப்பாணத் தமிழர். பெயர் மேரி ஜேம்ஸ் துரைராஜா தம்பிமுத்து. ஆங்கில இலக்கிய வரலாற்றில் அவரை வெறுமனே தம்பி என்றே அழைத்தார்கள்.

அச்சுக்கூடத்துக் குடும்பம்

தம்பிமுத்து 1915 ஓகஸ்ட் 15 அன்று பிறந்தார். அச்சுவேலியை வேராகக் கொண்ட கத்தோலிக்கக் குடும்பம். பாட்டனார் தம்பிமுத்துப்பிள்ளை தமிழ்ப் புலவர். ஊரிலேயே அச்சுக்கூடம் வைத்து நூல்களைப் பதிப்பித்தவர். ஆகவே எழுத்தும் அச்சும் பேரனுக்குக் குடும்பச் சொத்து. பின்னாளில் லண்டனில் எல்லோரும் அவரைக் கனவுலகவாசி என்று நினைத்தபோதும், ஒரு கையெழுத்துப் பிரதி எப்படிப் புத்தகமாகிறது என்ற அறிவு அவருக்குப் புதியதல்ல.

திருகோணமலையிலும் கொழும்பிலும் புனித சூசையப்பர் கல்லூரிகளில் படித்தார். பிறகு கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரி. அக்காலத்து இலங்கையில் மேல்படிப்பு படித்த பலரைப் போல அவருக்கும் ஆங்கிலமே எழுத்து மொழியானது. லண்டனுக்கு வருமுன்னரே கொழும்பில் ஆங்கிலக் கவிதை நூல்களை வெளியிட்டிருந்தார்.

1938ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லண்டன் வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது 22. அன்றைக்கு இலங்கையிலிருந்து இங்கே வந்தவர்களில் பெரும்பாலானோர் சட்டமோ மருத்துவமோ படிக்க வந்தவர்கள், இல்லையேல் அரசாங்க உயர் சேவைத் தேர்வு எழுத வந்தவர்கள். படித்து முடித்துக் கப்பலேறி ஊருக்குப் போய்விடுவார்கள். கவிதைக்காக வந்தவர் என்று இவரைத்தான் சொல்லவேண்டும். எமது வீடுகளில் ஒரு பிள்ளை இப்படியொரு முடிவை இன்று சொன்னாலும் சாப்பாட்டு மேசையில் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். 1938இல் அது எவ்வளவு பெரிய துணிச்சல் என்பதை அதை வைத்தே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

கையில் காசில்லாத பத்திராதிபர்

லண்டனின் நடுவே, ஒக்ஸ்போர்ட் வீதிக்கு வடக்கே, மலிவான அறைகளும் மதுச்சாலைகளும் நிறைந்த ஒரு பகுதி இருந்தது. எழுத்தாளரும் ஓவியரும் அங்கே கூடினார்கள். அங்கிருந்த ஃபிட்ஸ்ரொய் மதுச்சாலையின் பெயரைக் கொண்டு ஃபிட்ஸ்ரோவியா என்ற பெயர் அந்தப் பகுதிக்கு ஏற்பட்டது. அந்தப் பெயரைப் பரப்பியவர்களில் முக்கியமானவராகத் தம்பிமுத்துவைச் சொல்வார்கள். வந்து ஓராண்டு ஆகவில்லை, அதற்குள் அவர் அந்த உலகின் நடு ஆளாகிவிட்டார்.

1939 பெப்ரவரியில், அன்ரனி டிக்கின்ஸ் என்ற நண்பருடன் சேர்ந்து ‘பொயற்றி லண்டன்’ என்ற கவிதை இதழைத் தொடங்கினார். முதல் இதழ் வெளிவந்து ஏழு மாதங்களில் போர் மூண்டது. கடதாசிக்குக் கட்டுப்பாடு வந்தது. அச்சகங்கள் குண்டுவீச்சில் அழிந்தன. இளம் கவிஞர்கள் படையில் சேர்க்கப்பட்டு உலகின் நான்கு மூலைக்கும் போனார்கள். பல இலக்கிய இதழ்கள் நின்று போயின. எந்தப் பின்புலமும் இல்லாத, குடியேற்ற நாடொன்றிலிருந்து வந்த இளைஞர் நடத்திய இதழ் தாக்குப்பிடித்தது. ஒழுங்காக மாதம் தவறாமல் வந்ததென்று சொல்லமுடியாது. வந்தபோதெல்லாம் பேசப்பட்டது. அவரது ஆசிரியப் பொறுப்பில் 14 இதழ்கள் வெளியாகின. அவற்றில் 1944இல் வந்த பத்தாவது இதழ் ஒரு பெரிய புத்தகத்தின் பருமனில் அமைந்த தொகுப்பு.

தலையங்கம் என்று அவர் எழுதவில்லை. வாசகருக்குக் கடிதம் என்றே எழுதினார். கவிதை ஒரு சில படித்தவரின் சொத்தல்ல, ஒவ்வொரு மனிதரிடமும் அதன் ஊற்று இருக்கிறது என்பது முதற் கடிதத்திலிருந்தே அவர் கொண்டிருந்த நிலைப்பாடு. அக்காலத்து ஆங்கிலக் கவிதை ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் படித்த ஒரு சிறு வட்டத்தின் கையில் இருந்தது. யார் எந்தக் கல்லூரி, யாருக்கு யார் நண்பர் என்பதெல்லாம் பக்கங்களில் இடம்பிடிக்க உதவின. தம்பிமுத்துவுக்கு இந்தக் கல்லூரிக் கணக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அவர் பொருட்படுத்தியிருக்க மாட்டார். வெளியிலிருந்து வந்தவருக்கு ஒரு வசதி உண்டு. உள்ளூர்ச் சாதிப் படிகள் அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை.

வணிகத் துறையினர் கவனிக்கவேண்டிய முதற் பாடம் இதுதான். திறமையைத் தேடுகிறோம் என்று சொல்லும் நிறுவனங்கள் பல, உண்மையில் தமக்குப் பழக்கமான முகவரிகளைத்தான் தேடுகின்றன. எந்தப் பல்கலைக்கழகம், யாருடைய பிள்ளை, எந்த ஊர் என்று கேட்கின்றன. எமது நிறுவனங்களும் விதிவிலக்கல்ல. தம்பிமுத்து தபாலில் வந்த தாளைப் பார்த்தார். அதில் உயிர் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.

அறிந்தவருக்குப் பக்கத்தில் அறியாதவர்

டிலன் தோமஸ், லூயி மக்னீஸ், ஸ்ரீபன் ஸ்பென்டர், ஜோர்ஜ் பாக்கர், லோரன்ஸ் டரல், டேவிட் கஸ்கொய்ன் என்று அவர் இதழில் எழுதியவர்களின் வரிசை நீளமானது. இவர்களில் சிலர் அப்போதே பெயர் பெற்றவர்கள். ஆனால் இவர்களுக்கு அடுத்த பக்கத்தில், அதுவரை ஒரு வரிகூட அச்சேறாத ஒருவரின் கவிதை இருக்கும். படைமுகாமிலிருந்து பென்சிலால் எழுதி அனுப்பிய சிப்பாயின் கவிதையும் இருக்கும்.

இதற்காக அவர் நிறையத் திட்டு வாங்கினார். தரம் பார்க்காமல் எல்லாவற்றையும் போடுகிறார், கல்லும் அரிசியும் கலந்து கிடக்கிறது என்றார்கள். அதில் உண்மையும் உண்டு. இன்று அந்த இதழ்களைப் புரட்டினால் பல பெயர்கள் எவருக்கும் நினைவில்லாதவை. ஆனால் அரிசியை மட்டும் விதைப்பதென்று எந்தக் கமக்காரனாலும் உறுதி சொல்லமுடியாது. இருபது பேரை நம்பி இரண்டு பேரைக் கண்டெடுப்பது கலைத்துறையின் சாதாரணக் கணக்கு. அந்த இரண்டு பேர் யார் என்று முன்கூட்டியே தெரிந்தால் பத்திராதிபர் எதற்கு?

பெயர் பெற்றவருக்குப் பக்கத்தில் அச்சேறிய இளையவருக்கு அது ஒரு பள்ளிக்கூடம். தன் வரிகள் எங்கே தளர்கின்றன என்பதை அடுத்த பக்கமே அவருக்குச் சொல்லிக் கொடுக்கும். எவரும் விரிவுரை நடத்தத் தேவையில்லை. எமது மேளக் கச்சேரிகளில் இது காலங்காலமாக நடப்பதுதான். பெரிய வித்துவானுக்குப் பக்கத்தில் சீடப்பிள்ளை நின்று ஒத்து ஊதுவான். பிறகு ஒருநாள் வித்துவான் நாயனத்தை இறக்கிவிட்டு அவனைப் பார்ப்பார். அவன் வாசிக்கவேண்டும். சபை முன்னால் தவறினாலும் வாசிக்கத்தான் வேண்டும். பயிற்சி அறைக்குள் மட்டும் வைத்திருந்தால் எவரும் வித்துவானாவதில்லை.

எலியட்டின் நம்பிக்கை

முளையைக் கண்டவருக்கும் ஒரு முளை கண்டவர் இருந்தார். ஆங்கிலக் கவிதையில் அன்றைக்குப் பெரும் பெயர் ரி. எஸ். எலியட். ஃபேபர் பதிப்பகத்தின் இயக்குநர்களில் ஒருவர். ஒழுங்கும் அடக்கமும் உருவான மனிதர். தம்பிமுத்துவோ எல்லாவற்றிலும் நேர் எதிர். ஆனாலும் எலியட் அந்த இளைஞரை மதித்தார், அவரது இதழை ஆதரித்தார். 1942இல் தம்பிமுத்து தொகுத்த போர்க்காலக் கவிதைத் தொகுப்பை ஃபேபர் பதிப்பகமே வெளியிட்டது. இலங்கையிலிருந்து வந்து நான்கு ஆண்டுகளே ஆன, 27 வயதுகூட நிறையாத ஒருவரிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்தார்கள்.

அதே ஆண்டில் பிபிசியின் கீழைத்தேயச் சேவையில் ஜோர்ஜ் ஓர்வெல் இந்தியாவுக்கான ஒலிபரப்புகளை நடத்திக்கொண்டிருந்தார். அங்கே எடுக்கப்பட்ட ஒரு புகைப்படம் இன்றும் பல நூல்களில் அச்சாகிறது. எலியட், ஓர்வெல், வில்லியம் எம்ப்சன், முல்க் ராஜ் ஆனந்த், யமேக்காவைச் சேர்ந்த ஊனா மார்சன், நாராயண மேனன் ஆகியோருடன் எமது தம்பிமுத்துவும் அதில் இருக்கிறார். லண்டன் பள்ளிகளில் படிக்கும் எமது பிள்ளைகள் ஓர்வெல்லைப் பாடமாகப் படிக்கிறார்கள், எலியட்டைப் படிக்கிறார்கள். அந்தப் படத்தில் அவர்களுடன் ஓர் அச்சுவேலிக் குடும்பத்துப் பிள்ளை இருப்பதைக் காட்டிக் கொடுத்தால், அந்தப் பாடமே அவர்களுக்கு வேறாகத் தெரியும்.

ஓவியரையும் கவிஞரையும் கோர்த்தவர்

1943இல் நிக்கல்சன் அன்ட் வாட்சன் என்ற பதிப்பகத்தின் பொருளுதவியுடன் ‘எடிஷன்ஸ் பொயற்றி லண்டன்’ என்ற நூல் வெளியீட்டுப் பிரிவைத் தொடங்கினார். மான்செஸ்டர் சதுக்கத்தில் அலுவலகம். சில ஆண்டுகளே இயங்கிய அந்தச் சிறு பதிப்பகத்தின் பட்டியலைப் பார்த்தால் இன்று எந்தப் பெரிய பதிப்பகமும் பொறாமைப்படும்.

கத்லீன் ரெய்னின் முதற் கவிதை நூலை 1943இல் வெளியிட்டார். அதற்குப் படங்கள் வரைந்தவர் சிற்பி பாபரா ஹெப்வேர்த். டேவிட் கஸ்கொய்னின் கவிதைகளுக்கு ஓவியர் கிரஹம் சதர்லன்டைச் சேர்த்தார். குண்டுவீச்சுக்குப் பயந்து சுரங்க ரயில் நிலையங்களில் படுத்துறங்கிய லண்டன் மக்களை ஹென்றி மூர் வரைந்த குறிப்பேட்டை நூலாகக் கொண்டுவந்தார். நிக்கலஸ் மூரின் கவிதை நூல் ஒன்றுக்கு 1944இல் படம் வரையும் வேலையை இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ஓர் ஓவியரிடம் ஒப்படைத்தார். நாசிகளின் பிடியிலிருந்து தப்பிப் பெர்லினிலிருந்து லண்டன் வந்த குடும்பத்துப் பிள்ளை அவர். பெயர் லூசியன் ஃப்ரொய்ட். பின்னாளில் பிரித்தானியாவின் மிகப் பெரிய ஓவியர்களில் ஒருவராகப் போற்றப்பட்டவர். அகதியாக வந்த இளைஞரின் திறமையை இலங்கையிலிருந்து வந்த இளைஞர் இனங்கண்டார். லண்டன் நகரம் அதன் பலனை அனுபவித்தது.

1945இல் கனடாவைச் சேர்ந்த எலிசபெத் ஸ்மார்ட் என்ற இளம் எழுத்தாளரின் சிறு நூலொன்றை வெளியிட்டார். கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தருகே அமர்ந்து அழுதேன் என்று பொருள்படும் தலைப்பு. கவிதையா நாவலா என்று சொல்லமுடியாத எழுத்து. அச்சிட்டது 2000 பிரதிகள் மட்டுமே. இன்று அது இருபதாம் நூற்றாண்டின் செவ்விலக்கியங்களில் ஒன்றாக மதிக்கப்படுகிறது. அதே ஆண்டில் நபகோவ் ஆங்கிலத்தில் எழுதிய முதல் நாவலின் பிரித்தானியப் பதிப்பையும் அவரே வெளியிட்டார். ‘லொலிற்றா’ நாவலால் நபகோவ் உலகப் புகழ் பெறுவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னர் நடந்தது இது.

இங்கே இரண்டாவது பாடம் இருக்கிறது. திறமையைத் தனியே ஒரு தொட்டியில் வைத்து வளர்க்கமுடியாது. பக்கத்தில் யாரை நிறுத்துகிறோம் என்பது முக்கியம். கவிஞருக்குப் பக்கத்தில் ஓவியர், முதியவருக்குப் பக்கத்தில் இளையவர், உள்ளூரவருக்குப் பக்கத்தில் வெளியூரவர். ஒரு நிறுவனத்தின் முதலாளி செய்யக்கூடிய மிகப் பெரிய வேலை, யார் யாரோடு ஒரு மேசையில் உட்காரவேண்டும் என்று யோசிப்பதுதான்.

மதுச்சாலையில் ஓர் எச்சரிக்கை

தம்பிமுத்துவைப் பற்றிய கதைகள் பெரும்பாலும் மதுச்சாலைகளில்தான் நடக்கின்றன. அக்காலத்து நினைவுக் குறிப்புகளில் அவரது நீண்ட கரிய முடியும், விரல்களும், யாழ்ப்பாண அரச வம்சத்தவர் என்று அவர் சொல்லிக்கொண்டதும் அளவுக்கு மீறி இடம் பிடித்திருக்கின்றன. கையெழுத்துப் பிரதிகளைக் கட்டிலுக்கடியில் ஒரு பாத்திரத்துக்குள் போட்டு வைத்திருந்தார் என்பது அவற்றில் மிகவும் பிரபலமான கதை. ஒரு கீழைத்தேயத்து விசித்திரப் பிறவி என்று வரைவது வெள்ளையர் பலருக்கு எளிதாக இருந்தது. அந்த விசித்திரப் பிறவி எப்படி இத்தனை நல்ல நூல்களைத் தேர்ந்தெடுத்தார் என்ற கேள்வியை அவர்களில் பலர் கேட்கவில்லை.

ஆனால் அந்தக் குறிப்புகளில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. ஜூலியன் மக்லாரன்-ரொஸ் என்ற எழுத்தாளர் அந்தப் பகுதிக்குப் புதிதாக வந்தபோது, தம்பிமுத்து அவரை எச்சரித்தாராம். சோஹோ என்ற இடம் ஒரு நோய், அது பிடித்தால் நாள் முழுக்க இங்கேயே இருந்துவிடுவாய், ஒரு வரியும் எழுதமாட்டாய் என்ற பொருளில் சொன்னாராம். தன்னைச் சுற்றிக் கூட்டம் சேர்வதை விரும்பிய ஒருவர், இந்தக் கூட்டத்தில் உன்னைத் தொலைத்துவிடாதே என்று இளையவரிடம் சொல்லியிருக்கிறார். திறமையை வளர்ப்பவர் அதைத் தன் சபையின் அலங்காரமாக வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த நோய் தம்பிமுத்துவையே பிடித்திருந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை. தனது சொந்தக் கவிதைகளுக்கு அவர் கொடுத்த நேரம் மிகக் குறைவு.

கண் இருந்தது, கணக்கு இல்லை

வாழ்க்கை வரலாறு என்றால் பூமாலை மட்டும் சாத்தமுடியாது. கீத் டக்ளஸின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

டக்ளஸ் இளம் ஆங்கிலேயக் கவிஞர். வட ஆபிரிக்கப் பாலைவனத்தில் டாங்கிப் படையில் போரிட்டவர். அவரது கவிதைகளைத் தம்பிமுத்து தன் இதழில் வெளியிட்டார். 1944இன் தொடக்கத்தில், பிரான்சுக்குப் போவதற்காக அவர் இங்கிலாந்தில் காத்திருந்த வேளையில், ஒரு கவிதை நூலுக்கும் அவரது பாலைவனப் போர் அனுபவ நூலுக்கும் ஏற்பாடாகியது. இளைஞர் அவசரப்பட்டார். தான் திரும்பி வரமாட்டேன் என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. 1944 ஜூன் 9 அன்று, நோர்மண்டியில் தரையிறங்கி மூன்றாம் நாள், 24ஆவது வயதில் கொல்லப்பட்டார். அனுபவ நூல் 1946இல்தான் வந்தது. கவிதைகளின் முழுத் தொகுப்பு 1951இல் வெளியானபோது தம்பிமுத்து பதிப்பகத்தில் இல்லை. இன்று இரண்டாம் உலகப் போரின் தலைசிறந்த ஆங்கிலக் கவிஞர்களில் ஒருவராக டக்ளஸ் போற்றப்படுகிறார். அவரைக் கண்டுகொண்டு ஒப்பந்தம் செய்த பெருமை தம்பிமுத்துவுக்கு உண்டு. தன் நூலொன்றைக் கையில் ஏந்திப் பார்க்காமலே அந்த இளைஞர் போனதும் அதே கதையின் பகுதிதான்.

போர்க்காலத்தில் அச்சு வேலை தாமதமாவது இயல்பே. ஆனால் தம்பிமுத்துவின் அலுவலகத்தில் தாள்கள் தொலைந்ததும், கடிதங்களுக்குப் பதில் போகாததும், பணக் கணக்கு ஒழுங்காக இல்லாததும் போரால் வந்தவையல்ல. போருக்குப் பின்னர் இதழும் பதிப்பகமும் அவர் கையை விட்டுப் போயின. வேறு ஆசிரியர்களுடன் இன்னும் சில ஆண்டுகள் நடந்து, 1951இல் இதழ் நின்றது. தான் கட்டிய வீட்டின் சாவி தன்னிடம் இல்லாத நிலையில், 1949இல் அவர் இலங்கைக்குத் திரும்பினார்.

கலையிடம் வணிகம் கற்கவேண்டியது பல. வணிகத்திடம் கலை கற்கவேண்டியதும் ஒன்று உண்டு. குறித்த நாளில் குறித்ததைச் செய்வதும் ஒருவகை மரியாதை. ஓர் இளையவரிடம் உன்னை நம்புகிறேன் என்று சொன்னால் மட்டும் போதாது. அவர் கொடுத்த தாளைத் தொலைக்காமல் வைத்திருக்கவேண்டும், சொன்ன பணத்தைச் சொன்ன நாளில் கொடுக்கவேண்டும். எமது கடைக்காரர்களுக்கு இது சொல்லிக் கொடுக்கத் தேவையில்லாத பாடம். கடன் கொப்பியை ஒழுங்காக எழுதத் தெரிந்த ஒருவர் அந்த மான்செஸ்டர் சதுக்க அலுவலகத்தில் இருந்திருந்தால், ஆங்கிலக் கவிதை வரலாற்றில் சில பக்கங்கள் வேறாக எழுதப்பட்டிருக்கலாம். முளை காணும் கண்ணும் கணக்கெழுதும் கையும் ஒருவரிடமே இருப்பது அரிது. இருவரைச் சேர்த்து வைப்பது அரிதல்ல.

மீண்டும் மீண்டும் தொடங்கியவர்

1952இல் நியூயோர்க் போனார். அங்கே 1956இல் ‘பொயற்றி லண்டன் - நியூயோர்க்’ என்ற இதழைத் தொடங்கினார். நான்கு இதழ்கள் வந்தன. 1964இல் அமெரிக்கக் கவிஞர் மேரியன் மூரின் 77ஆவது பிறந்தநாளுக்கு ஒரு மலர் தொகுத்தார். 1968இல் லண்டன் திரும்பினார். 1970களில் லைர்பேர்ட் பிரஸ் என்ற சிறு பதிப்பகத்தைத் தொடங்கினார். லைர் பறவை ஆரம்பத்திலிருந்தே அவரது இதழின் சின்னம். அவுஸ்திரேலியக் காட்டில் வாழும் அந்தப் பறவை மற்றப் பறவைகளின் குரல்களையெல்லாம் தன் தொண்டையில் ஏந்திப் பாடக்கூடியது. பிறர் குரல்களை உலகுக்குக் கொண்டுவந்த ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான சின்னம் கிடைக்காது.

1979இல், பீற்றில்ஸ் இசைக்குழுவின் அப்பிள் நிறுவனத்தின் ஆதரவுடன் இன்னோர் இதழ். அதன் இரண்டாவது இதழ் 1982இல். இளமையில் பெற்ற வெற்றி பிறகு முழுமையாகத் திரும்பவில்லை. ஆனால் அறுபது வயதைத் தாண்டியும், பணமில்லாமலும், புதிய கவிஞர் ஒருவரைக் கண்டுவிட்டேன் என்ற உற்சாகம் அவரைவிட்டுப் போகவில்லை.

1983 ஜூனில், 67ஆவது வயதில், லண்டனிலேயே காலமானார். அவரால் அச்சேறியவர்களும் அவரைத் திட்டியவர்களும் சேர்ந்து எழுதிய நினைவு நூலொன்று 1989இல் வெளிவந்தது. இரு உலகங்களுக்கிடையே ஒரு பாலம் என்பது அதன் பெயரின் பொருள்.

அவர் இறந்து ஒரு மாதத்தில் இலங்கையில் கறுப்பு யூலை. அதன் பிறகுதான் எம்மில் பெரும்பாலானோர் பெட்டியோடும், சிலர் பெட்டியும் இல்லாமலும், இந்த நகரத்தில் வந்திறங்கினோம். அவர் தானாக விரும்பி வந்தார். எமக்கு அப்படியொரு தெரிவு இருக்கவில்லை. அவருடைய லண்டன் முடிந்த இடத்தில் எமது லண்டன் தொடங்கியது என்று சொல்லலாம்.

எமது வயல்

வந்த புதிதில் உயிர் பிழைப்பதே பெரிய வேலையாக இருந்தது. பிள்ளைகளை வைத்தியராக்கு, பொறியியலாளராக்கு, கணக்காளராக்கு என்று நினைத்ததில் பிழை சொல்லமுடியாது. எல்லாவற்றையும் இழந்தவர்கள் உறுதியான தரையைத்தான் முதலில் தேடுவார்கள். இன்று அந்தத் தரை கிடைத்துவிட்டது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகளில் பிள்ளைகள் படிக்கிறார்கள். பாட்டும் மிருதங்கமும் பரதமும் பழகுகிறார்கள். பெரிய மண்டபம் எடுத்து அரங்கேற்றம் நடக்கிறது. எமது வணிகர்கள் மனமுவந்து அனுசரணை வழங்குகிறார்கள்.

ஆனால் அரங்கேற்றம் என்ற சொல்லின் பொருள் மேடையில் ஏறுவது. எமது பிள்ளைகள் பலருக்கு அது மேடையைவிட்டு இறங்கும் நாளாக முடிந்துவிடுகிறது. சலங்கை அலுமாரிக்குள் போகிறது. ஒரு நாள் நிகழ்ச்சிக்குச் செலவிடும் தொகையில் ஒரு பங்கை, அந்தப் பிள்ளையின் அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கு ஒதுக்கினால் என்ன நடக்கும்? அடுத்த மேடை எங்கே, பக்கத்தில் யார், யாரிடம் மேலும் கற்பது என்று ஒருவர் யோசித்தால் என்ன நடக்கும்? தம்பிமுத்து தன் இதழில் செய்தது இதைத்தான். பாராட்டுப் பத்திரம் கொடுப்பதற்குப் பதிலாக அடுத்த பக்கத்தைக் கொடுத்தார்.

நிறுவனங்களிலும் இதே கதைதான். கடையில் பணப்பெட்டியடியில் நிற்கும் இளைஞருக்கு என்னென்ன தெரியும் என்று முதலாளி கேட்டுப் பார்க்கலாம். கோயில் நிர்வாகத்திலும் ஊர்ச் சங்கத்திலும் பழைய மாணவர் சங்கத்திலும் இருபத்தைந்து வயதுப் பிள்ளைக்கு நாற்காலி அடுக்கும் வேலை கிடைக்கிறது. வரவு செலவுத் திட்டத்தில் ஒரு பகுதியை அவர் கையில் கொடுத்து, தவறினாலும் பரவாயில்லை, செய்து பார் என்று சொல்லும் தலைவர்கள் குறைவு. போர்க்கால லண்டனில் ஃபேபர் பதிப்பகம் ஓர் இலங்கைத் தமிழ் இளைஞரிடம் ஒரு முழு நூலை ஒப்படைத்ததே. எமது சங்கத்தின் ஆண்டுமலரை எமது பிள்ளையிடம் ஒப்படைக்க எமக்கு என்ன தடை?

தம்பிமுத்து தமிழில் எழுதவில்லை. அவர் வளர்த்தவர்களில் பெரும்பாலானோர் தமிழரும் அல்லர். அதனால் அவர் எமக்கு அந்நியராகிவிடமாட்டார். இந்த நகரத்தின் கலைக்கு எமது மண் கொடுத்தவர் அவர். லண்டனுக்கு நாம் விருந்தாளிகள் மட்டுமல்ல, இதன் பண்பாட்டில் எமக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்று எமது பிள்ளைகளிடம் சொல்ல அவர் வாழ்க்கை சான்று. அவர்களில் எவரிடம் எந்தத் திறமை முளைவிட்டிருக்கிறது என்பது இன்று எவருக்கும் தெரியாது. அடுத்த சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்து நிற்கும்போது, பரீட்சைப் புள்ளி என்ன என்று கேட்கும் முன்னர், இந்த வாரம் புதிதாக என்ன செய்தாய் என்று ஒரு பிள்ளையிடமாவது கேட்போம். பதில் வரும்வரை பொறுத்து நிற்போம்.